சைக்கிள் சட்டையும் பலசரக்குக் கடையும்

பாலும் ரொட்டியும் வாங்கப் போன மனுஷன் கையில சைக்கிள் மழைக்கோட்டோட திரும்பி வர்றது எங்கேயாவது நடக்குமா? இங்கிலாந்துலயும் ஜெர்மனியிலயும் நடக்கும். ஆல்டி, லிடில்ன்னு ரெண்டு ஜெர்மன்காரக் கடைகள். கடைக்கு நடுவுல ஒரு வரிசை இருக்கும். ஒரு பக்கம் கிரில் அடுப்பு, பக்கத்துல ட்ரில்லிங் மெஷின், அதுக்குப் பக்கத்துல தோட்டத்துக்கு நாற்காலி, அதுக்கும் அந்தாண்ட கம்பிக் கூடையில குமிச்சுப் போட்ட சைக்கிள் துணிமணி. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் வரும். ரெண்டு மூணு நாள்ல நம்ம சைஸ் காலி.

வேலைக்குப் போக வர தினமும் 18 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவன் நான். இருக்கிறது வடக்கு இங்கிலாந்து. மழையைப் பத்தி தனியா சொல்லணுமா என்ன? நான் போட்டுட்டுப் போற உடுப்புல முக்கால்வாசி அந்தக் கம்பிக் கூடையில இருந்து வந்ததுதான். ஆபீஸ்ல ஒருத்தர் இதைப் பார்த்துட்டு "கத்தரிக்காய் வாங்குற கடையிலயா சட்டை வாங்குறே?"ன்னு கேட்டார். ஆமாங்க, கத்தரிக்காயும் அங்கேதான் வாங்குறேன் :-)

மலிவா எங்கே கிடைக்கும்னு சொல்ற பதிவு இல்லீங்க இது. அந்தக் கோட்டு எப்படி அந்தக் கூடைக்கு வந்து சேர்ந்துச்சுன்னு நோண்டப் போனா, கிட்டத்தட்ட 150 வருஷக் கதை வருது. கதை முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்குது: சைக்கிள் உடுப்பு யாருக்கு?

பச்சை யூனிஃபார்ம்

1878ல் இங்கிலாந்தோட ஹாரோகேட் ஊர்ல ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பிச்சாங்க. முதல்ல வேற பேர். 1883ல் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்னு மாத்திக்கிட்டாங்க. சுருக்கமா சிடிசி. (2016ல் இருந்து சைக்கிளிங் யூகேங்கிற பேர்ல இன்னும் இருக்காங்க.) அப்போ சைக்கிள்னா முன்னாடி ஆளுயரச் சக்கரம், பின்னாடி தம்மாத்தூண்டு சக்கரம். பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. விலையும் ஜாஸ்தி, விழுந்தா அடியும் ஜாஸ்தி. அதனால ஓட்டினது காசும் நேரமும் உள்ள இளவட்டங்கள்.

இந்தச் சங்கத்துக்குன்னு ஒரு யூனிஃபார்ம் இருந்துச்சு. கரும்பச்சை செர்ஜ் துணியில கோட்டு, முழங்காலோட முடியிற நிக்கர், சின்ன விளிம்பு வச்ச தொப்பி. பச்சையில ரோட்டுப் புழுதி பளிச்சுன்னு தெரிஞ்சதால அப்புறம் சாம்பல் கலருக்கு மாறினாங்க. அழகுக்காக மட்டும் இல்லை இது. புழுதி படிஞ்சு, வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிற ஆளை சத்திரக்காரன் உள்ளே விடணுமே. "நான் கண்ணியமான ஆள்தான்"னு உடுப்பே சொல்லணும்.

அதே 1880கள்ல குஸ்டாவ் ஜேகர்னு ஒரு ஜெர்மன் விலங்கியல் பேராசிரியர், உடம்போட ஒட்டிப் போடுற துணியெல்லாம் கம்பளியாத்தான் இருக்கணும்னு பிரசாரம் பண்ணிட்டிருந்தார். பருத்தி, லினன் எல்லாம் உடம்புக்குக் கெடுதல்னு அவர் கட்சி. அவர் கொள்கையை நம்பி 1884ல் லண்டன்ல கடையே திறந்தாங்க. ஜேகர்ங்கிற அந்த துணிக்கடைப் பேர் உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் சொன்ன காரணங்கள்ல பாதி அபத்தம். ஆனா ஒரு விஷயம் சரி: வேர்வையில நனைஞ்ச கம்பளி, நனைஞ்ச பருத்தி மாதிரி உடம்பைச் சில்லிட வைக்காது. அதுக்கப்புறம் பல பத்து வருஷங்களுக்கு சைக்கிள் சட்டைன்னாலே கம்பளிதான்.

சீமாட்டிக்கு காபி அறையில இடமில்லை

இந்த உடுப்புச் சமாச்சாரம் கோர்ட் வரைக்கும் போனதுண்டு. 1881ல் லண்டன்ல பெண்களோட உடுப்பைச் சீர்திருத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இறுக்கிக் கட்டுற கார்செட்டும் தரையைக் கூட்டுற பாவாடையும் வேணாம், நடமாட வசதியா உடுத்துவோம்னு சொன்ன சங்கம். அதை ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவர் ஹார்பர்டன் சீமாட்டி. பாவாடை மாதிரி தெரியும், ஆனா நடுவுல பிரிஞ்சு தொளதொளன்னு நிக்கரா இருக்கும். அதைப் போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்டுவார். சங்கிலியில துணி மாட்டாது, கீழே விழ வேண்டியதில்லை.

1898ல் சர்ரே பக்கம் ஆக்கம்ங்கிற கிராமத்துல ஹாட்பாய்னு ஒரு ஓட்டல். சீமாட்டி அங்கே சாப்பிடப் போனார். ஓட்டலை நடத்தின அம்மா, "இந்த உடுப்போட காபி அறைக்குள்ளே விடமாட்டேன். வேணும்னா அந்தப் பக்கம் சாராய பார் இருக்கு, அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்க"ன்னுட்டாங்க. காபி அறைங்கிறது பெரிய மனுஷங்க உட்கார்ற இடம். பார் பக்கம் ஊர்ச் சனங்க குடிக்கிற இடம்.

நம்ம சிடிசி சங்கம் வழக்குப் போட்டுச்சு. வழிப்போக்கருக்கு இடம் குடுக்க மறுத்தாங்கன்னு கேஸ். 1899ல் தீர்ப்பு. சங்கம் தோத்துப்போச்சு. சாப்பாடு தரமாட்டேன்னு ஓட்டல் சொல்லலையே, வேற அறையைத்தானே காட்டினாங்கன்னு முடிச்சுட்டாங்க.

எனக்கு இதுல சுவாரசியமா படுறது வேற. ஒரு பொம்பளை நிக்கர் போடலாமாங்கிறது ஒரு சண்டை. அதுக்கு அடியில இன்னொரு சண்டை. "என்னைப் போய் குடிகாரங்க இருக்கிற இடத்துல உட்காரச் சொல்றதா"ங்கிற மேல்தட்டுக் கோபம். சைக்கிள் உடுப்பு அன்னிக்கே ஒரு கேட் மாதிரிதான் இருந்திருக்கு. போட்டிருக்கிறதைப் பார்த்துத்தான் எந்த அறைன்னு முடிவு பண்ணியிருக்காங்க.

கிளிப்பும் கேப்பும்

இதுக்கு நடுவுல சைக்கிளே மாறிடுச்சு. 1885ல் காவென்ட்ரி ஊர்ல ஜான் கெம்ப் ஸ்டார்லி ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுல, சங்கிலி வச்ச ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். 1888ல் பெல்ஃபாஸ்ட்ல டன்லப் காத்தடிக்கிற டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். ஃபேக்டரிகள் பெருகப் பெருக விலை இறங்குச்சு. தவணையில வாங்கலாம்னு ஆச்சு. பணக்காரங்க காருக்கு நகர்ந்தாங்க, சைக்கிள் தொழிலாளிக்கு வந்துச்சு.

பர்மிங்காம்ல 1910ல் கிரேன்ங்கிற குடும்பப் பேர் கொண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. சாதாரண ஆள் வாங்குற விலைக்கு சைக்கிள் பண்றதுதான் அவங்க குறி. கம்பெனி பேர் ஹெர்குலிஸ். அதேதாங்க! நம்ம அப்பா, தாத்தா ஓட்டின ஹெர்குலிஸ். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அதை வாங்கி, முருகப்பா குழுமத்தோட கூட்டுச் சேர்ந்து, 1949ல் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சு, அம்பத்தூர்ல ஃபேக்டரி போட்டதெல்லாம் தனிக் கதை. இந்த கிரேன்ங்கிற பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தக் காலத்துத் தொழிலாளி சைக்கிள்ல வேலைக்குப் போக என்ன உடுத்தினார்? தனியா ஒண்ணும் இல்லை. வேலைக்குப் போடுற அதே கோட்டு, அதே பேன்ட், தட்டைத் தொப்பி. கூடுதலா ரெண்டே பொருள். ஒண்ணு, பேன்ட் சங்கிலியில மாட்டாம இருக்க கணுக்கால்ல கவ்வுற கிளிப். இன்னொண்ணு, மழைக்கு கேப்.

இந்த கேப்பைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். கூடாரம் மாதிரி தலை வழியா மாட்டுற மழைத்துணி. முன்பக்கத்தை ஹேண்டில்பார் மேல இழுத்து விட்டு, உள்ளே இருக்கிற வளையத்துல கட்டைவிரலை நுழைச்சுக்கணும். கையும் தொடையும் நனையாது. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கிறதால காத்து மேலே ஏறி வேர்வையை வெளியே தள்ளிடும். வேர்வை வெளியேறணும், மழை உள்ளே வரக்கூடாது. இதைச் சாதிக்க பின்னாடி விஞ்ஞானிகள் என்னென்னமோ பண்ணாங்க. கேப் ஒரு ஓட்டையை வச்சே சாதிச்சிடுச்சு. ஒரே குறை, எதிர்க்காத்துல பாய்மரம் ஆயிடும் :-)

பிரிட்டன்ல சைக்கிள் உச்சம் தொட்டது 1949ல். அந்த வருஷம் மொத்தமா சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சிருக்காங்க. 1970களோட ஆரம்பத்துல அது 400 கோடிக்கும் கீழே போயிடுச்சு. காரும் மோட்டார் சைக்கிளும் வந்தது, ஃபேக்டரி பக்கத்துல குடியிருந்தவங்க தூரமா போனது, ரோடெல்லாம் காருக்குன்னு ஆனது, எல்லாம் சேர்ந்து பண்ண வேலை. ஃபேக்டரி சங்கு ஊதினதும் தெருவை அடைச்சுக்கிட்டு வந்த சைக்கிள் கூட்டம் கரைஞ்சு போச்சு. அவங்களோட கேப்பும் கிளிப்பும் போச்சு.

பாலியஸ்டர் வந்தாச்சு

தொழிலாளி போனதுக்கப்புறம் சைக்கிள் உடுப்பு யார் கையில இருந்துச்சு? பந்தயக்காரங்க கையில. அங்கே நடந்தது எல்லாம் துணி விஞ்ஞானம்.

1941ல் வின்ஃபீல்ட், டிக்சன்னு ரெண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் பாலியஸ்டர் நூலைக் கண்டுபிடிச்சாங்க. வேலை பார்த்தது மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு துணி அச்சடிக்கிற கம்பெனியில. நம்ம ஊர்ல டெரிலின் சட்டைன்னு பெருமையா போட்டோமே, அது இந்த நூல்தான். 1958ல் அமெரிக்காவுல டியூபான்ட் கம்பெனியில ஜோசப் ஷிவர்ஸ் இழுத்தா நீளுற லைக்ரா நூலைக் கொண்டு வந்தார். 1970களோட கடைசியில சைக்கிள் பந்தயக்காரங்க கால்ல லைக்ரா ஏறுச்சு. அதுக்கு முன்னாடி கம்பளி நிக்கர். உட்கார்ற இடத்துல நெசமான ஆட்டுத்தோல் வச்சுத் தைச்சிருப்பாங்க. துவைச்சுக் காய வச்சா அந்தத் தோல் அப்பளம் மாதிரி விறைச்சுக்கும். கிரீம் தடவித் தடவிப் பதப்படுத்தணும். 1980கள்ல அதுவும் போய் செயற்கைப் பஞ்சு வச்ச மெத்தை வந்துச்சு.

பாலியஸ்டரோட சூட்சுமம் சிம்பிள். அது தண்ணி குடிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை மட்டுமே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் இழுத்துக்கும். கம்பளி 16 கிராம் வரை போகும். பாலியஸ்டர் அரை கிராம் கூட இல்லை. அதனால வேர்வை நூலுக்குள்ளே போகாம, நூல்களுக்கு நடுவுல ஓடி வெளிப்பக்கம் வந்து ஆவியாயிடும். பருத்தி பனியன் போட்டு 9 கிலோமீட்டர் மிதிச்சுட்டு ஏசி ஆபீஸுக்குள்ளே நுழைஞ்சு பாருங்க, வித்தியாசம் முதுகுல தெரியும். ஆனா பாலியஸ்டர்ல வேர்வை வாடை ஒட்டிக்கும். கம்பளியில அவ்வளவா ஒட்டாது. எதுவும் சும்மா கிடைக்காது இல்லீங்களா.

நல்ல துணிதான், சந்தேகமே இல்லை. ஆனா விலையும் கடையும் பந்தயக்காரருக்கானது. வேலைக்குப் போறவர் வாங்கணும்னா அவரும் பந்தயக்காரர் விலை குடுக்கணும். 2004ல் லண்டன்ல ராஃபாங்கிற கம்பெனி ஆரம்பிச்சப்போ, சைக்கிள் சட்டை ஒரு ஃபேஷன் பொருள்னே ஆயிடுச்சு. நடுவயசு ஆம்பளைங்க காசை இறைச்சு லைக்ரா வாங்குறதைக் கிண்டல் பண்ண 2010ல் ஒரு புது ஆங்கிலச் சொல்லே பிறந்துச்சு. மாமில்னு படிக்கணும். பாலூட்டின்னு அர்த்தம் வர்ற மாதிரி அடிச்ச நக்கல்.

எஸ்ஸன் ஊர் பொட்டிக்கடை

சரி, பலசரக்குக் கடைக்கு வருவோம்.

ஜெர்மனியில ரூர் பகுதி. நிலக்கரிச் சுரங்கம், எஃகு ஆலை நிறைஞ்ச இடம். அங்கே எஸ்ஸன் நகரத்தோட ஓரத்துல 1913ல் அன்னா ஆல்பிரெக்ட்னு ஒரு அம்மா சின்னதா மளிகைக்கடை போட்டாங்க. வீட்டுக்காரர் சுரங்கத்துல வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப் போனவர். கடைக்கு வர்றவங்களும் சுரங்கக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1946ல் மகன்கள் கார்லும் தியோவும் கடையை எடுத்து நடத்தினாங்க. ஊரே இடிஞ்சு கிடக்கு, யார் கையிலயும் காசில்லை. கடையில அலங்காரம் கிடையாது, விளம்பரம் கிடையாது, கொஞ்சமே கொஞ்சம் சரக்கு. அதையும் அட்டைப்பெட்டியோட அடுக்கு. மத்த கடைகள்ல பொருள் வாங்கினா முத்திரை குடுப்பாங்க, அதைச் சேர்த்து வச்சு பின்னாடி தள்ளுபடி வாங்கிக்கணும். சட்டப்படி அதிகபட்சம் 3 சதவீதம். இவங்க அதை விலையிலயே முதல்லயே கழிச்சுட்டாங்க.

1960க்குள்ளே 300 கடை. அப்புறம் அண்ணன் தம்பிக்குள்ளே பாகப்பிரிவினை. காரணம், கல்லாப்பெட்டி பக்கத்துல சிகரெட் விக்கலாமா வேணாமாங்கிற தகராறுன்னு சொல்வாங்க. வடக்கு ஒருத்தருக்கு, தெற்கு ஒருத்தருக்கு. 1962ல் ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்ங்கிறதைச் சுருக்கி ஆல்டின்னு பேர் வச்சாங்க. இவங்க சிக்கனத்துக்கு ஒரு சாம்பிள்: 1971ல் தியோவை யாரோ கடத்திட்டுப் போயி 70 லட்சம் மார்க் வாங்கிட்டு விட்டாங்க. மனுஷன் வெளியே வந்து, அந்தப் பணத்தை தொழில் செலவா காட்டி வரியில கழிக்கப் பார்த்தார். அடேங்கப்பா!

லிடில் கதை இன்னும் தமாஷு. முதலாளி பேர் ஷ்வார்ட்ஸ். அதுக்கு ஜெர்மன்ல கறுப்புன்னு அர்த்தம். சொந்தப் பேர்ல கடை போட்டா கள்ளச்சந்தைன்னு ஆயிடும்! அதனால லுட்விக் லிடில்ங்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கிட்ட 1,000 மார்க் குடுத்து அவர் பேரை வாங்கிக்கிட்டாங்க. முதல் தள்ளுபடிக் கடை 1973ல் லுட்விக்ஸ்ஹாஃபன்ல.

ஆல்டி பிரிட்டனுக்கு வந்தது 1990ல். முதல் கடை பர்மிங்காம்ல. லிடில் 1994ல். ரொம்ப நாளைக்கு இங்கே உள்ளவங்க ஆல்டி பையைத் தெருவுல தூக்கிட்டுப் போகவே கூச்சப்பட்டாங்க. 2008 பொருளாதாரச் சரிவுக்கப்புறம் கூச்சம் போச்சு. 2022ல் பிரிட்டன்ல நாலாவது பெரிய சூப்பர்மார்க்கெட்டா ஆல்டி ஆச்சு. அந்தக் கடையில விளையாட்டுத் துணிமணிக்கு ஒட்டின பேர் என்ன தெரியுமா? கிரேன்! மலிவு சைக்கிள் பண்ண கிரேன் சகோதரர்களோட அதே பர்மிங்காம்ல முதல் கடை போட்டவங்க, சைக்கிள் சட்டைக்கு கிரேன்னு பேர் போட்டு வித்திருக்காங்க. சம்பந்தம் இருக்குன்னு சொல்ல வரலீங்க. பேர்ப் பொருத்தத்தை ரசிக்கிறேன், அவ்வளவுதான்.

நடு வரிசையின் கணக்கு

எப்படி இவ்வளவு கம்மியா விக்க முடியுது? பல மாசத்துக்கு முன்னாடியே ஒரே டிசைன்ல, ஓரிரு கலர்ல, நாலஞ்சு சைஸ்ல ஒரே பெரிய ஆர்டர். கடை கடையா ஒரே நாள்ல இறக்குறாங்க. வித்தா வித்ததுதான், மறுபடி கிடைக்காது. கிடங்கு வாடகை கம்மி, விற்பனையாளர் கிடையாது, பந்தய அணிக்கு ஸ்பான்சர் செலவு துணி மேல ஏறாது. இன்னிக்கு விட்டா அடுத்த சீசன்தான்னு பயம் இருக்கிறதால சனங்களும் யோசிக்காம அள்ளுவாங்க.

இதுல அடி வாங்குறது தெருமுனை சைக்கிள் கடைக்காரர். ஆல்டி விக்கிற விலைக்கு அவருக்கு மொத்தக் கொள்முதல்லயே துணி கிடைக்காது. பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரி பண்ணவும் ஆல்டி வராது, அவர்தான் வரணும். அதனால துணியை கூடையில வாங்குற நான், ரிப்பேருக்கும் டயருக்கும் அவரை விட்டு நகர்றதில்லை.

சித்தப்பா கேட்ட கேள்வி

எங்க சித்தப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனியில முப்பது வருஷம் பேட்லாக் டெய்லரா இருந்தவர். ஊருக்குப் போனப்போ நான் கொண்டு போன குளிர்கால சைக்கிள் பேன்ட்டைக் கையில எடுத்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேரா உள்பக்கம் திருப்பி தையலைத்தான் பார்த்தார். ரெண்டு துணியும் மேடில்லாம படுத்தாப்புல சேர்ந்திருந்தா அது பேட்லாக். ஓவர்லாக்னா உள்ளே ஒரு வரப்பு நிக்கும், ஒரு மணி நேரம் மிதிச்சா தொடை உராஞ்சு புண்ணாயிடும்.

"தையலு சுத்தமா இருக்குது கண்ணு"ன்னார். விலையைச் சொன்னேன். பவுண்டை ரூபாயா மாத்தியும் சொன்னேன். அவர் முகத்துல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

"அது நீ குடுத்தது. தைச்சவனுக்கு பீசுக்கு எவ்ளோ குடுத்திருப்பாங்க?"

லேபிள்ல நாட்டோட பேர் மட்டும்தான் இருந்துச்சு. பங்களாதேஷ். பீஸ் ரேட்டை எந்த லேபிள்லயும் போடறதில்லை.

2013 ஏப்ரல் 24ல் டாக்கா பக்கத்துல சாவர்ல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,100 பேருக்கு மேல செத்தாங்க. மேல்நாட்டுக் கடைகளுக்குத் துணி தைச்சவங்க. சுவர்ல விரிசலை முதல் நாளே பார்த்தும் மறுநாள் வேலைக்கு உள்ளே போகச் சொன்னாங்க. அதுக்கப்புறம் தொழிற்சங்கங்களும் துணி வாங்குற கம்பெனிகளும் சேர்ந்து, ஃபேக்டரிக் கட்டடங்களைப் பரிசோதிக்க சட்டப்படி கட்டுப்படுத்துற ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. கையெழுத்துப் போட்ட கம்பெனிகள்ல ஆல்டியும் லிடிலும் உண்டு. நல்ல விஷயம். ஆனா அந்த ஒப்பந்தம் பேசினது கட்டடத்தைப் பத்தி, தீயைப் பத்தி. கூலியைப் பத்தி இல்லை.

"அப்போ விலை ஜாஸ்தி குடுத்து வாங்கினா நியாயமா?"ன்னு கேப்பீங்க. விலைச்சீட்டுல பத்து மடங்கு இருந்தா தையல்காரர் கையில பத்து மடங்கு போகுதுன்னு யாரும் எழுதிக் குடுக்கறதில்லை. மலிவுக்கும் சரி, விலை உயர்ந்ததுக்கும் சரி, சித்தப்பா கேள்வி ஒண்ணுதான்.

வரிச்சலுகை யாருக்கு?

மறுபடியும் அந்தப் பழைய கேள்விக்கு வர்றேன். 1999ல் பிரிட்டன் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. வேலைக்குப் போக சைக்கிளும், ஹெல்மெட், லைட், ஒளிரும் உடுப்பு மாதிரி பாதுகாப்புச் சாமானும் கம்பெனி மூலமா வாங்கிக்கலாம். சம்பளத்துல வரிக்கு முன்னாடியே பிடிச்சுப்பாங்க. அருமையான திட்டம். ஆனா கணக்கைப் பாருங்க. ஜாஸ்தி வரி கட்டுறவருக்கு ஜாஸ்தி லாபம். பிடித்தம் போக சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாதுங்கிறதால, அந்தக் கூலியே வாங்குறவருக்கு இது கிடைக்காது. சுயதொழில்னு கணக்குல இருக்கிறவருக்கும் கிடையாது. மழையில நனைஞ்சுக்கிட்டு சைக்கிள்ல நம்ம வீட்டுக்கு பீட்சா கொண்டு வர்ற பையன்ல பல பேர் சுயதொழில் கணக்குலதான் வர்றாங்க.

ஆக, சைக்கிள் வேலைக் கருவியா யாருக்கு ரொம்பத் தேவையோ, அவங்களுக்கு அரசாங்கத்தோட கை எட்டலை. எட்டினது அந்தக் கம்பிக் கூடைதான். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற ஆஸ்பத்திரி துப்புரவுக்காரர், விடியக்காலையில கிடங்குக்குப் போறவர், சாப்பாடு டெலிவரி பண்றவர் எல்லாம் அந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போறதை நான் தினமும் ரோட்டுல பார்க்கிறேன். 1949ல் கேப் போட்டவங்களோட வாரிசு இவங்கதான்னு எனக்குத் தோணும். சுரங்கக்காரங்க வீட்டுக்காக ஆரம்பிச்ச கடையோட வழி, இவங்களுக்கும் உதவுது. தர்மத்துக்காக இல்லை, வியாபாரத்துக்காகத்தான். ஆனா நனையாம வீட்டுக்குப் போறவருக்கு அந்த வித்தியாசம் பெரிசில்லை.

ரெண்டு கூத்தைச் சொல்லிடுறேன். உசத்தியான ராஃபா கம்பெனியை 2017ல் வாங்கினது யாரு? வால்மார்ட் ஆரம்பிச்ச சாம் வால்டனோட பேரன்கள் ரெண்டு பேர் நடத்துற முதலீட்டு நிறுவனம். அதாவது மலிவு விலைக் கடையில சம்பாதிச்ச குடும்பத்துப் பணம். அந்தப் பக்கம் லிடில் 2023ல் ட்ரெக் பந்தய அணியோட பேர்லயே சேர்ந்துக்கிட்டு டூர் டி பிரான்ஸ்க்குப் போச்சு. அந்த வருஷம் மலையேற்ற வீரருக்கான புள்ளிச் சட்டையை அந்த அணியோட சிக்கோனேதான் ஜெயிச்சார். பலசரக்குக் கடைப் பேர் போட்ட சட்டை! கத்தரிக்காய் கேட்ட ஆபீஸ் நண்பருக்கு இதை மெயில் அனுப்பி வச்சேன். இன்னும் பதில் வரலை :-)

வாங்கப் போறவங்களுக்கு

இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்கு உபயோகமா நாலு விஷயம்:

1. மழைக்கோட்டை உள்பக்கம் திருப்புங்க. தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும். ஊசி குத்தின ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ளே வரும். கக்கத்துல காத்துப் போக வழி இருக்கான்னு பாருங்க. கேப் சொல்லிக் குடுத்த பாடம் அது.

2. பளீர் மஞ்சள் ராத்திரியில உதவாது. அது பகல் வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக் கதிரை வச்சு ஜொலிக்கிறது. 1964ல் கிளாஸ்கோ பக்கம் ரயில்வேத் தொழிலாளிகளுக்கு இந்த மாதிரி ஜாக்கெட் குடுத்துப் பார்த்தாங்க, பகல்ல ரயில் டிரைவர் கண்ணுல படறதுக்கு. ராத்திரிக்கு வேண்டியது, கார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற வெள்ளிப் பட்டை. கணுக்கால்ல இருந்தா ரொம்ப நல்லது, மேலும் கீழும் ஆடுறது கண்ணை இழுக்கும்.

3. மெத்தை வச்ச நிக்கருக்கு அடியில ஜட்டி போடாதீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிட்டேன். மெத்தை இருக்கிறதே தையல் உராயாம இருக்கத்தான். நடுவுல இன்னொரு தையலைக் கொண்டு போய் வச்சா என்ன பிரயோஜனம்?

4. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்குற திரவம் வேணாம். அது நூல் மேல படலமா படிஞ்சு வேர்வை ஓடுற வழியை அடைச்சுடும். ஒழுங்கா துவைச்சா இந்தத் துணி பல வருஷம் வரும். தைச்சவங்க கை உழைப்புக்கு நாம காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அதைச் சீக்கிரம் குப்பையில போடாம இருக்கிறது.

உங்க ஊர்ல சைக்கிள்ல வேலைக்குப் போனவங்க மழைக்கு என்ன பண்ணாங்க? உரச்சாக்கை மடிச்சு தலையில கவுத்துக்கிட்டவங்க, பேன்ட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டவங்க, வேட்டியை மடிச்சுக் கட்டி சீட்டுக்கு அடியில பாலித்தீன் கவரைச் செருகி வச்சவங்க… ஹாரோகேட் சங்கத்து யூனிஃபார்ம் பத்தி எழுதி வச்சிருக்காங்க, இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கலை. தெரிஞ்சவங்க எழுதுங்க மக்களே.